நான்காவது தடம்

சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, மலாக்காவில் மெர்லிமாவ் ஊருக்கு உள்ளே செம்பனைத் தோட்டத்து மண்சாலையில் குலுங்கிக் குலுங்கி வந்து, பழைய புகைக்கூடத்தின் வாசலில் கிஷன் மோட்டார் சைக்கிளை நிறுத்தினான். பின்னால் உட்கார்ந்திருந்த முஃபீத் இறங்கவில்லை. மடியில் இருந்த ரிகார்டரைப் பச்சைக் குழந்தையைப் போல இன்னும் இறுக்கிக்கொண்டான்.

“எறங்குடா.”

“நீ மொதல்ல கதவத் தொறலா. வௌவால் இருந்தா போவட்டும்.”

கிஷன் பேய்க்குப் பயப்படுகிற ஆளில்லை. பேயைப் போல உறுமுவதற்கே மூன்று வருடம் பயிற்சி எடுத்தவன். அவனுடைய டெத் மெட்டல் இசைக்குழுவுக்குப் பெயர் ‘பாடை’. அந்தப் பெயரை மரவேர் பின்னிக்கொண்ட மாதிரி எழுதி கேசட் அட்டையில் அச்சடித்தபோது, அவன் தங்கை ஷாந்தினி, “அண்ணே, மை கொட்டிருச்சு” என்று துடைக்கத் துணி எடுத்து வந்தாள். புதைகுழி, புழு, அழுகல் என்று நான்கு பாட்டு எழுதியிருந்தான். ஆனால் இரண்டு வாரத்துக்கு முன்பு வரை ஒரு பிணத்தைப் பக்கத்தில் போய்ப் பார்த்தது கிடையாது.

முதலில் பார்த்தது பெரியதம்பியை. ‘பாடை’யின் பேஸ் கிட்டார்க்காரன்.

புகைக்கூடம் என்பது ஒரு காலத்தில் ரப்பர் ஷீட்டுகளைத் தொங்கவிட்டுப் புகை போட்டுக் காயவைத்த கட்டடம். ரப்பரை வெட்டிவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை நட்ட பிறகு அதற்கு வேலையில்லை. ஜன்னல் கிடையாது. முழங்கை நீளத்துக்குத் தடித்த செங்கல் சுவர். அதன்மேல் அறுபது வருடத்துப் புகைக்கரி. வெளியே மண்டையைப் பிளக்கிற வெயில் அடித்தாலும், அந்தக் கட்டடம் மதியம் இரண்டு மணியை வாசலோடு நிறுத்தி வைத்துவிடும். உள்ளே எப்போதும் ஒரே இருட்டு, புளித்த பால் நாற்றம், அடித்தொண்டையில் ஒட்டுகிற புகை வாசம். அங்கே பேசினால் வார்த்தை வாயை விட்டு வெளியே வந்ததும் கீழே விழுந்துவிடும். எதிரொலி என்பதே இல்லை. கரி எல்லாவற்றையும் குடித்துவிடும்.

கிட்டார் பதிவு செய்ய இதைவிட நல்ல இடம் மலாக்காவிலேயே கிடையாது என்பது கிஷனின் கட்சி.

அவன் தேடிய சத்தம் அப்படி. பழைய ரப்பர் மரங்களை அறுக்கும் செயின்சாவின் சத்தம் ஒரு கிட்டாரிலிருந்து வர வேண்டும். கம்பிகளைத் துணிக்கொடி மாதிரி தொய்ய விட்டு, சுருதியைப் பாதாளத்துக்கு இறக்கி, சத்தத்தைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் பெடலின் எல்லாத் திருகுகளையும் கடைசிவரை திருகி, சோப்புப் பெட்டி அளவு ஸ்பீக்கர் ஒன்றைக் கதறவிட்டு, அந்தச் சத்தத்தைப் பிடித்தே விட்டான். மெழுகு போட்டுத் தேய்த்த ரம்பம் மாதிரி இருந்தது. பிரச்சினை என்னவென்றால், கிட்டார் அவ்வளவு கீழே இறங்கி வந்தபோது அங்கே ஏற்கெனவே ஓர் ஆள் உட்கார்ந்திருந்தான்.

பெரியதம்பியின் பேஸ்.

ரம்பமும் பேஸும் ஒரே இடத்துக்கு அடித்துக்கொண்டன. இரண்டும் சேர்ந்தால் சேறு. இந்த இசையைப் போடுகிறவர்கள் உலகம் முழுக்கச் செய்கிற நியாயத்தைத்தான் கிஷனும் செய்தான். பேஸைக் குறைத்தான். இன்னும் குறைத்தான். பெரியதம்பி கேட்டபோது, எல்லாக் கிட்டார்க்காரர்களும் எல்லா பேஸ்காரர்களுக்கும் சொல்கிற பொய்யைச் சொன்னான்.

“பேஸ் காதுல கேக்கக் கூடாதுலா மச்சான். ஒடம்புல உணரணும்.”

அதோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை.

அந்த ரிகார்டரில் கேசட் நாடா நான்கு தடங்களாகப் பிரியும். முதல் தடத்தில் முஃபீத்தின் டிரம்ஸ், அடுத்ததில் கிட்டார், அடுத்ததில் கிஷனின் உறுமல், நான்காவதில் பேஸ். ஐந்தாவது தடம் கிடையாது. ஓர் இரவு கிஷனுக்கு ஒற்றைக் கிட்டார் ஒல்லியாகத் தெரிந்தது. யாரிடமும் சொல்லாமல், நான்காவது தடத்தில் இருந்த பேஸை அழித்து, அதன் மேலேயே இன்னொரு கிட்டாரைப் பதிந்துவிட்டான். நான்கு பாட்டிலும். பெரியதம்பி ஆறு வாரம் வேலை முடிந்து செம்பனைக் குலை லோரியிலிருந்து இறங்கி, கையில் முள் குத்தின காயத்தோடு வந்து வாசித்தது, ஒரே இரவில் காற்றோடு போயிற்று.

கேசட் வெளிவந்த அன்று பெரியதம்பி ஹெட்போனை மாட்டிக்கொண்டு நான்கு பாட்டையும் கேட்டான். திரும்பவும் கேட்டான்.

“என் சத்தம் எங்க மச்சான்?”

“அதான் சொன்னனேலா. உணரணும்.”

பெரியதம்பி ஹெட்போனைக் கழற்றி வயரைச் சுருட்டி வைத்தான். பிறகு, “சரி, உணர்ந்து பாக்குறேன்” என்று சிரித்தான். இரண்டு மாதம் கழித்து, விடிகாலை மழையில், மூவார் சாலையோரம் விளக்கில்லாமல் நிறுத்தியிருந்த ஒரு லோரியின் பின்புறத்தில் மோதிச் செத்தான்.

மூன்றாம் நாள், அவன் அம்மா கருப்பாயி கிஷனைத் தனியாகக் கூப்பிட்டார். முப்பது வருடம் ரப்பர்ப் பால்மரம் சீவிய கை. அதில் அந்த மரவேர் கேசட்.

“தம்பி, பதினாறாம் நாளு படையலுக்கு அவனுக்குப் புடிச்சதெல்லாம் வெக்கணும். கோழி, பீரு, சிகரெட்டு எல்லாம் வாங்கிரலாம். ஆனா அவனுக்கு இதுதானே உசுரு? அவன் வாசிச்சத அவன் போட்டோ முன்னால போடணும். நானும் போட்டுப் போட்டுப் பாக்குறேன், இதுல எம் புள்ள சத்தம் எதுன்னு தெரியல. நீ கொஞ்சம் அவனத் தூக்கிக் காட்டுற மாதிரி செஞ்சு குடுய்யா.”

ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். ‘நான் அழிச்சிட்டேன் அத்தை.’ கல்லறை, சவம் என்று மணிக்கணக்காகக் கத்தத் தெரிந்த வாய்க்கு அந்த மூன்று சொல் வரவில்லை.

“செஞ்சு தரேன் அத்தை” என்றான். சுவரில் ஆணியடித்து மாட்டி, விபூதி பூசி, செவ்வந்தி சுற்றியிருந்த பெரியதம்பியின் பேஸ் கிட்டாரைக் கருப்பாயி தாமே இறக்கிக் கொடுத்தார்.

அதனால்தான் இந்தச் சனிக்கிழமை. மறுநாள் படையல். கிஷனின் திட்டம், அவனுடைய மற்றத் திட்டங்களைப் போலவே எளிமையானது, கேவலமானது. நான்காவது தடத்தில் திருட்டுத்தனமாக ஏற்றிய கிட்டாரை அழிப்பது. பெரியதம்பியின் பேஸை அவனே வாசிப்பது. ‘இதுதான் உங்க மகன்’ என்று கொடுப்பது.

“செத்தவனுக்குப் படைக்கிறதுலயே டூப்ளிகேட்டா?” என்றான் முஃபீத், இருட்டில் வயரை நீட்டிக்கொண்டே. “எங்க வாப்பா கடையில மஞ்சத்தூள்ல கூட இப்படிக் கலக்க மாட்டாரு.”

“வேற வழி இருந்தா சொல்லுலா.”

முஃபீத் வயரைச் செருகினான். பக்கத்துக் கொட்டகையிலிருந்து இழுத்த மின்சாரத்தில் நாற்பது வாட் பல்பு ஒன்று எரிந்தது. கரிச்சுவர் அதையும் குடித்தது.

கிஷன் வாசித்தான். ஒரே பாட்டு, மூன்று நிமிடம் நாற்பது விநாடி. பெரியதம்பி விரலால் வாசிப்பவன். லோரி மேட்டில் முதல் கியரில் ஏறுகிற மாதிரி உருண்டையான, சூடான சத்தம் அவனுடையது. கிஷன் எவ்வளவு முயன்றும் தகரத்தில் ஆணி உரசுகிற சத்தம்தான் வந்தது. பரவாயில்லை, கருப்பாயிக்கு வித்தியாசமா தெரியப்போகிறது என்று நினைத்தபோது, அவனுக்கே தன் கன்னத்தில் ஓர் அறை வைக்கத் தோன்றியது.

படையலுக்கான பிரதி எடுக்கச் சாதாரண கேசட் டெக்கையும் இணைத்து ஓடவிட்டு, பதிந்ததைப் போட்டுக் கேட்டார்கள்.

டிரம்ஸ். ரம்பம். உறுமல். அடியில் கிஷனின் ஆணி.

அதற்கும் அடியில் இன்னொன்று.

“ரெண்டு பேஸ் கேக்குது” என்றான் முஃபீத்.

கிஷன் நான்காவது தடத்தின் ஒலியைக் குறைக்கும் குமிழைக் கீழே இழுத்தான். அவனுடைய ஆணி மறைந்தது. மற்றது மறையவில்லை. உருண்டையாக, சூடாக, ஒவ்வொரு அடிக்கும் ஒரு மயிரிழை தாமதமாக வந்துகொண்டிருந்தது. எதற்குமே சீக்கிரம் வராதவன் பெரியதம்பி. தாளத்துக்கும்.

“மச்சான்!” முஃபீத் அவன் தோளைப் பிடித்து உலுக்கினான். “முழுசா அழியலடா! பழசு அடியில இருந்திருக்கு! நாடாவுல மிச்சம் நின்னுருக்கு!”

கிஷனுக்குக் கண் கலங்கிவிட்டது. இதைவிடப் பெரிய வரம் கிடையாது. பொய் சொல்ல வேண்டியதில்லை. அவன் அழித்தது அழியவில்லை. கருப்பாயியின் மகன் இருக்கிறான். மற்ற மூன்று தடங்களையும் கீழே இழுத்துவிட்டு, பேஸை மட்டும் தனியாகக் கேட்டார்கள். இரண்டு பேரும் முட்டாள்கள் மாதிரி இருட்டில் சிரித்தார்கள். ஆறு வாரத்து வேலை. எவ்வளவு நன்றாக வாசித்திருக்கிறான் படுபாவி!

பாட்டு முடிந்தது.

பேஸ் நிற்கவில்லை.

“எக்ஸ்ட்ரா வாசிச்சிருக்கான்” என்றான் முஃபீத். குரலில் சிரிப்பு பாதியாகியிருந்தது.

ஒரே கம்பி. மெதுவாக. ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் கீழே இறங்கியது. யாரோ அடிக்கடி திருகைத் திருகிக் கம்பியைத் தளர்த்துவது போல. ஒரு கட்டத்துக்குக் கீழே கம்பி தளர்ந்தால் சத்தம் வராது, வெறுமனே படபடக்கும். இது படபடக்கவில்லை. இன்னும் கீழே போனது. காது விட்டுவிட்டது. பல்லுக்குள் கேட்டது. பிறகு விலா எலும்பில்.

கிஷன் நான்கு குமிழ்களையும் பார்த்தான்.

நான்கும் கீழே கிடந்தன.

அவன் ஸ்டாப் பொத்தானை அழுத்தினான். நாடா நின்றது.

சத்தம் நிற்கவில்லை.

“கிஷா,” முஃபீத் கிசுகிசுத்தான். “பின்னால பாக்காத.”

அவன் பார்த்தான். பெரியதம்பியின் பேஸ் கிட்டார் சுவரோரம் சாய்ந்து நின்றது. வயர் எதிலும் இல்லை. தடித்த கம்பி மட்டும் புகைப்படத்தில் கை நடுங்கின மாதிரி மங்கலாகத் தெரிந்தது. அறுபது வருடத்துக் கரி சுவரிலிருந்து பொடிப்பொடியாக உதிர்ந்து, பல்பு வெளிச்சத்தில் கறுப்பு மழையாக இறங்கியது. அந்த அடிகள் இப்போது தாளமாக இல்லை. பேச்சின் நீட்டலும் குறுக்கலுமாக, ஒரு கேள்வியின் வடிவத்தில், திரும்பத் திரும்ப வந்தன.

ஒரு நெடில். இரண்டு குறில். ஒரு தூக்கல்.

என்ன கேட்கிறது என்று கிஷனுக்குத் தெரியும். கேசட் வெளிவந்த அன்று ஹெட்போனோடு கேட்ட அதே கேள்வி.

முஃபீத் ஓதிக்கொண்டே வெயிலுக்குள் ஓடினான். கிஷன் ரிகார்டரையும் டெக்கையும் வாரிக்கொண்டு பின்னாலேயே ஓடினான். சாவை மூன்று வருடம் கூவிக் கூவி அழைத்தவன், அது வந்தபோது ஒரு செருப்பை விட்டுவிட்டு ஓடினான்.

வீட்டுக்குப் போய்ப் பிரதியைக் கேட்டான். குமிழ்களை இழுத்த சுவடே இல்லாமல் பாட்டு முழுதாக இருந்தது, பேஸ் இருந்தது, மூன்று நாற்பதில் சுத்தமாக முடிந்தது. அதற்குப் பின் வெறும் நாடாவின் சீற்றம். அவன் மூச்சு விட்டான். விடியும்வரை விழித்திருந்து, விடிந்ததும் அதை எடுத்துக்கொண்டு கருப்பாயி வீட்டுக்குப் போனான். முஃபீத் வரவில்லை. ‘கடையில் ஆளில்லை’ என்று சொல்லியனுப்பியிருந்தான்.

அன்று நண்பகல். தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டின் முன்னறையில் பெரியதம்பியின் படம், தலைவாழை இலை, கோழிக் குழம்பு, பீர் பாட்டில், பற்றவைத்த ஒரு சிகரெட். பக்கத்தில் கேசட் பிளேயர். பாட்டு வெடித்ததும், கருப்பாயியின் அண்ணன் மணியம் நெற்றியைச் சுருக்கினார்.

“என்னடா இது, ரைஸ் மில்லுல பன்னி மாட்டிக்கிட்ட மாதிரி?”

“சும்மா இரு அண்ணே.” கருப்பாயி கிஷனைப் பார்த்தார். “இதுல எம் புள்ள எது தம்பி?”

“அடியில ஓடுது பாருங்க அத்தை. அது.”

கருப்பாயி உள்ளங்கையை ஸ்பீக்கரின் மேல் விரித்து வைத்தார். கண்ணை மூடினார். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற கை அது. மெல்ல அவர் முகம் இளகியது.

“ஆமா,” என்றார். “இது அவன்தான்.”

கிஷன் தலையைக் குனிந்துகொண்டான்.

வழக்கப்படி, படைத்து முடித்ததும் எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்தினார்கள். போனவர் வந்து சாப்பிட்டுப் போகக் கொஞ்ச நேரம் தனிமை கொடுக்க வேண்டும். இருபது பேர் வெயிலில் நின்றார்கள். உள்ளே கேசட் ஓடிக்கொண்டிருந்தது. கிஷன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். மூன்று நிமிடம் நாற்பது விநாடி. பாட்டு நின்றது.

கோழிகள் ஓடின.

முதலில் அவைதான் ஓடின. வீட்டுக்கடியிலிருந்து சிதறி, செம்பனைக்குள் பாய்ந்தன. பிறகு தகரக் கூரையின் ஆணிகள் முனக ஆரம்பித்தன. வாசல்படி நடுங்கியது. உள்ளே எவர்சில்வர் தட்டுகள் ஒன்றோடொன்று மெதுவாகப் பேசிக்கொண்டன.

“லோரி போவுது போல,” என்றார் மணியம்.

சாலையில் லோரி இல்லை.

கிஷன் கதவை நோக்கி ஓரடி வைத்தான். கருப்பாயி அவன் கையைப் பிடித்தார். “தொறக்காத. சாப்பிடட்டும்.”

எவ்வளவு நேரம் என்று யாருக்கும் தெரியாது. எல்லாம் அடங்கியபின் கதவைத் திறந்தார்கள். கேசட் எப்போதோ முடிந்து, பொத்தான் தானாக மேலே வந்திருந்தது. இலையில் ஒரு பருக்கை குறையவில்லை. பீர் நுரையற்று இருந்தது. சோறு மட்டும், தண்ணீரில் கல் எறிந்த மாதிரி, வட்டம் வட்டமாக அலை கட்டி நின்றது.

கருப்பாயி அதையே பார்த்தார். பிறகு ஸ்பீக்கர் மேல் கை வைத்தார். நின்றுபோன ஸ்பீக்கர். வெகுநேரம் எடுக்கவில்லை.

“சாப்பாடு வேணாங்குறான் தம்பி,” என்றார் அமைதியாக. “அவன் எடத்தக் கேக்குறான். எந்த எடம்யா?”

கிஷன் அப்போது சொன்னான். எல்லாவற்றையும் சொன்னான். நான்காவது தடம், அந்த இரவு, மேலே ஏற்றிய கிட்டார். கருப்பாயி திட்டவில்லை. திட்டியிருந்தால் அவன் தூங்கியிருப்பான்.

“அப்ப குடுத்துருய்யா,” என்றார்.

கடிதங்கள் இரண்டு வாரத்தில் வந்தன. சில மாதங்களுக்கு முன்பே தபாலில் அனுப்பிய கேசட்டுகளுக்குப் பதில்கள்; பெரியதம்பி உயிரோடு இருந்தபோது உறை ஒட்டிய கேசட்டுகள் அவை. கோத்தா பாருவில் கைப்பத்திரிகை நடத்துகிற ஒருவன் எழுதியிருந்தான்: ‘இப்படி ஒரு பேஸ் சத்தத்தை நான் கேட்டதில்லை.’ போலந்திலிருந்து இன்னொருவன்: ‘பேஸ் அபாரம். கிட்டார் வைக்க மறந்துவிட்டீர்களா?’

கிஷன் தன்னிடமிருந்த பிரதிகளைப் போட்டுக் கேட்டான். நான்கு பாட்டிலும் ரம்பம் இல்லை. கிட்டாரை எடுத்து மாட்டினான். மிக மெல்லிய கம்பியை மீட்டினான். ஸ்பீக்கரிலிருந்து பெரியதம்பியின் லோரி மேடேறியது.

கிட்டாரோடு முடிந்திருந்தால், தண்டனை சரியாகத்தான் இருக்கிறது என்று அவனே கையெழுத்துப் போட்டிருப்பான்.

வேலை செய்த தொழிற்சாலையில் சூப்பர்வைசர் அவனை இரண்டு முறை “என்ன சொன்னே?” என்று கேட்டார். வீட்டில் ஷாந்தினி, “ஏண்ணே தொண்டைக்குள்ளயே பேசுற? கூப்பிடுறது கேக்கவே இல்ல, ஆனா ஃபிரிட்ஜு மேல இருக்கிற கிளாஸெல்லாம் ஆடுது” என்றாள். மூன்று வருடம் தொண்டையைக் கெடுத்து, தேன் குடித்து ஆற்றிப் பழகியும் எட்டாத ஆழத்துக்கு அவன் குரல் தானாக இறங்கிக்கொண்டிருந்தது. டாக்டர் நாக்கை அழுத்திப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்தார்.

அவன் மெர்லிமாவுக்குப் போனான். கருப்பாயி வாசலில் உட்கார்ந்திருந்தார். பாதியாக இளைத்திருந்தார். அந்தக் கேசட்டை எரித்துவிடச் சொல்லலாம் என்று போனவன், அவர் முன்னால் மண்டியிட்டுச் சொல்லிப் பார்த்தான். அவர் அவன் வாய் அசைவதைப் பார்த்தார்.

“கேக்கலியேய்யா.”

மறுபடி சொன்னான். கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினான். முற்றத்துக் குடத்தில் தண்ணீர் நடுங்கியது.

கருப்பாயி குனிந்து, அவன் நெஞ்சின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்தார். கண்ணை மூடினார். அந்த ஒட்டிய முகம் மெல்ல மலர்ந்தது. அவர் கையை எடுக்கவே இல்லை. அந்தி சாயும்வரை அப்படியே இருந்தார். அந்தக் கையைத் தட்டிவிட அவனுக்கு மனம் வரவில்லை. அவன் வாழ்க்கையில் செய்த ஒரே நல்ல காரியம் அதுவாகத்தான் இருக்கும்.

கருமையேறும் நேரத்தில், மெர்லிமாவ் பஸ் நிலையத்துப் பொதுத் தொலைபேசியிலிருந்து முஃபீத்தின் கடைக்கு அழைத்தான். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு இருவரும் பேசியதில்லை.

“ஹலோ,” முஃபீத்தின் குரல். பின்னால் தராசுத் தட்டின் சத்தம். “ஹலோ, யாரு?”

“நான்தான்டா. கிஷன்.”

தராசுச் சத்தம் நின்றுவிட்டது.

“முஃபீத், நான்தான்லா! கேக்குதா? நான் கிஷன்!”

அந்தப் பக்கம் மூச்சு வாங்குவது கேட்டது. யாரோ நாற்காலியை இழுத்தார்கள். பிறகு, மிகமிக மெதுவாக, அழுகையை விழுங்கிக்கொண்டு, முஃபீத் பேசினான்.

“பெரி... போதும் மச்சான். கிஷன விட்டுரு.”

கிஷன் தன் பெயரைக் கத்தினான். கத்திக்கொண்டே இருந்தான். தொலைபேசிக் கூண்டின் கண்ணாடி, அவன் முகத்துக்கு நேராக, மேலிருந்து கீழே மெல்ல விரிசல் விட்டது.